முந்தைய பெயர்

எனக்கு அவ்வளவு சீக்கிரம் அருவருப்பு வராது. முப்பது வருஷம் பிள்ளைப்பேறு பார்த்தவள் நான். ரத்தமும் மலமும் நஞ்சுக்கொடியும் படாத நாள் இந்தக் கைகளுக்குக் குறைவு. கழுவிவிட்டு அப்படியே உட்கார்ந்து பசியாறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் எங்கள் கோயில் சபைத் தலைவர் பொன்னுதுரை கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டு பேச ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும்.

மலாக்காவில், காஜா பெராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் என் வீடு. பெயர் சாரதாம்பாள். மலாய்க்காரர்கள் மருத்துவச்சியை பீடான் என்பார்கள். அதனால் ஊருக்கு நான் பீடான் சாரதா. தமிழர், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து மலாய் பேசுகிற செட்டிகள், மலாய்க்காரர், சீனர், யார் கூப்பிட்டாலும் போவேன். வலி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் சீனர்களுக்குப் புலி வருஷம். அந்த வருஷம் பிறக்கும் பெண் குழந்தை குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்களில் பலருக்குப் பயம். ஏற்கெனவே நாலு பெண் இருக்கிற வீட்டில் ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்து, அதுவும் புலியாக இருந்துவிட்டால், தாய்க்காரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். மாமியார்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கேயாவது நல்ல வீட்டில் விட்டுவிடு என்பாள். அப்படி அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஒன்பது குழந்தைகளைத் துணியில் சுற்றி, கூடையில் வைத்து, ரிக்ஷாவில் ஏறியிருக்கிறேன். நாலு தமிழர் வீட்டுக்கு, இரண்டு செட்டிகள் வீட்டுக்கு, மூன்று மலாய்க்காரர் வீட்டுக்கு. எந்த வீட்டில் பால் இருக்கிறது, எந்த வீட்டில் பிள்ளை இல்லாமல் ஏங்குகிறார்கள் என்று மட்டும்தான் யோசித்தேன். ரிக்ஷா புக்கிட் ரம்பாய் பக்கம் போனால் அது முஸ்லிம் பிள்ளை, காஜா பெராங் பக்கம் போனால் இந்துப் பிள்ளை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அந்த ஒன்பதில் ஒன்றுதான் காமாட்சி. பூங்காவனத்துக்கு அப்போதுதான் குழந்தை செத்துப் பிறந்திருந்தது. மார் கட்டிக்கொண்டு, ஜுரத்தில் கிடந்தாள். பதினோரு நாள் ஆன சீனக் குழந்தையை நான் அவள் பக்கத்தில் போட்டேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரவிக்கையை விலக்கினாள், குழந்தை கவ்விக்கொண்டது. இரண்டு பேருமே அன்றைக்குப் பிழைத்தார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் புருஷன் போனபின் பூங்காவனம் அம்மியில் மசாலா அரைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிள்ளையை வளர்த்தாள். காமாட்சிக்கு இடுங்கிய கண், எலுமிச்சை நிறம், வாய் நிறையத் தமிழ். தையல் கடையில் வேலை. கடைக்கு வரும் சீனத்திகள் அவளிடம் சீனத்தில் பேசுவார்கள். அவள் மலாயில் பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். மாசி மகத்துக்குச் செங்கிலுள்ள சன்னாசிமலைக்கு வருஷம் தவறாமல் பால்குடம். வெள்ளிக்கிழமை பூஜையில் எங்கள் கோயிலில் தேவாரம் அவள்தான். பத்து வயதிலிருந்து அவள் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்னால் பாடினார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் அவளுக்குப் பத்தொன்பது வயது. நகராட்சியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தியாகுவின் அம்மா மல்லிகா, தானாகவே வந்து பெண் கேட்டாள். பெண்ணைப் பிடித்ததற்குக் காரணமும் சொன்னாள்.

“செக்கச் செவேல்னு இருக்கா. பேரப்பிள்ளைங்களாவது கொஞ்சம் வெளுப்பா பொறக்கட்டுமே லா.”

எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் தியாகுவைப் பார்த்தால் காமாட்சிக்கு முகம் மலர்ந்தது. பூங்காவனமோ தரையில் கால் படாமல் நடந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆவணியில் கோயிலிலேயே கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

ஆடி மாதம் ஒரு காலை, மஞ்சளும் மிளகாயும் காயாத கையோடு பூங்காவனம் என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“அக்கா, கோயில்ல தேதி குடுக்க மாட்டேங்கிறாங்க. புள்ள இந்து இல்லையாம்.”

“எவன் சொன்னான்?”

“தலைவரு. உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

மூன்று பேரும் போனோம். கோயிலுக்குப் பக்கத்தில் சபை அறை. பொன்னுதுரை ஒரு வக்கீலிடம் கிராணி. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. சபை அந்த வருஷம் புதிதாக அச்சடித்த பாரங்கள் மேசைமேல் அடுக்கியிருந்தன. மெர்டேக்காவுக்கு இன்னும் சில வாரம்தான். ஊரெல்லாம் சுதந்திரம் என்று பேச்சு; அவருக்கு மட்டும் அது ஏதோ பரீட்சை வருவது போல ஒரு பரபரப்பு.

“உக்காருங்கம்மா. இனிமே வெள்ளக்காரன் கெடையாது. புது நாட்டுல நீங்க எத்தன பேருன்னுதான் மொதல்ல கேப்பான். மலாய்க்காரங்க இத்தன, சீனங்க இத்தன, நாம எத்தன? சும்மா வாயால சொன்னா ஆச்சா? பதிவு வேணும், ஆதாரம் வேணும்.”

“நல்லது. இவளையும் சேத்து எண்ணிக்குங்க” என்றேன்.

“எண்ணத்தான் போறோம். அதுக்கு மொதல்ல இவங்க முறைப்படி சேரணும். பொறப்பால சீனம். சுத்தி பண்ணி, பாரத்துல எழுதி, நாலு பேரு முன்னால ஏத்துக்கிட்டா அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கும் உடனே தேதி குடுத்துடலாம்.”

“பதினோரு நாள்ல இருந்து இங்கதானே வளருது. இந்தக் கோயில்லதானே மொட்ட போட்டுது, காது குத்திச்சு. இன்னும் எதுல சேரணும்?”

“அதெல்லாம் நடந்தப்ப பாரம் எதுவும் இல்லையேம்மா.”

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். பிறகு ஒரு பாரத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, காமாட்சியைப் பார்த்தார்.

“முந்தைய மதம், சீன மதம். சரி. முந்தைய பேரு?”

“காமாட்சிங்க ஐயா.”

“அது இனிமே வரப்போற பேரு. முந்தின பேரக் கேக்குறேன்.”

“எனக்கு வேற பேரு இல்லீங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். “பெத்தவங்க என்ன பேரு வச்சாங்க?”

“பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே என் கைல குடுத்துட்டாங்க. அதுக்குப் பேரும் கெடையாது, மதமும் கெடையாது தலைவரே. பால் குடிச்சுது, பீ பேண்டுது. அவ்வளவுதான்.”

பேனா நுனியைக் கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். “கட்டத்தக் காலியா விட முடியாதே” என்றார். பிறகு ஏதோ வழி கிடைத்த மாதிரி முகம் தெளிந்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: ஆ மோய்.

சீனர்கள் சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல் அது. நாம் ஏ பொண்ணு என்கிற மாதிரி. பாசாரில் மீன்காரன், சாலையில் போகிற எந்தச் சீனப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவான். காமாட்சி அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

“சாட்சிக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். இன்ன தேதில சீன வீட்டுல இருந்து வாங்கிக் குடுத்தது நீங்கதான்னு” என்று பாரத்தை என் பக்கம் தள்ளினார்.

“முடியாது.”

“அப்ப கல்யாணத்துக்கு எங்களால தேதி குடுக்க முடியாதும்மா. எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?”

பூங்காவனம் என் முழங்கையைப் பிடித்தாள். அவள் விரலின் மஞ்சள் என் சேலையில் ஒட்டியது. “ஒரு கையெழுத்துதானேக்கா. புள்ள கல்யாணம் நடக்கட்டும்க்கா. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்.” அழுதுகொண்டே குனியவும் ஆரம்பித்தாள்.

“போடுங்க பெரியம்மா” என்றாள் காமாட்சி. “ஒரு காலைல முடிஞ்சு போற வேலதானே.”

போட்டேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. பொன்னுதுரையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, அந்தக் காகிதம் என் கையெழுத்து இல்லாமல் செல்லாது. அன்று நான் எழுந்து வீட்டுக்கு வந்திருந்தால் அவர் கட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சடங்கு. ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மூலஸ்தானத்துக்கு நேர் எதிரே நின்று பாடுகிறவளைக் கொடிமரத்துக்கு வெளியே ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். சடங்கு முடியும்வரை உள்ளே கால் வைக்கக்கூடாதாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் செட்டிச்சி சீதா, கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக வேடிக்கை பார்க்க வந்தவள், என் காதருகே மலாயில் கேட்டாள்.

“அப்பா பாசால்? பூடாக் இனி ஓராங் கீத்தா லா.”

என்ன விஷயம், இந்தப் பிள்ளை நம்ம ஆளாச்சே என்கிறாள். அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியாது. அவளிடம் என்னவென்று சொல்வது? தலையை ஆட்டிவைத்தேன்.

“அறியாமையில் இருந்த நான்” என்று பொன்னுதுரை ஒலிபெருக்கியில் சொன்னார். “அறியாமையில் இருந்த நான்” என்று காமாட்சி திருப்பிச் சொன்னாள். “இன்று முதல் என் முந்தைய மதத்தைத் துறந்து” என்றார். அதையும் சொன்னாள். பஞ்சகவ்யம் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்லவில்லை. வீடு குடிபுகுந்தால், தீட்டுக் கழித்தால், நானும் கை நீட்டி வாங்கிக் குடிக்கிறவள்தான். ஆனால் இங்கே கழிக்க என்ன தீட்டு இருந்தது? பூங்காவனத்தின் பாலா? மூன்று மடக்கையும் காமாட்சி கண்ணை மூடாமல் குடித்தாள். கேமராக்காரர் சரியாக விழவில்லை என்று இன்னொரு மடக்குக் குடிக்கச் சொன்னார். அதையும் குடித்தாள்.

உள்ளே போனதும் அவளைப் பாடச் சொன்னார்கள். பாடினாள். குரல் முதலில் கம்மி, பிறகு பழையபடி எழும்பியது. பாட்டு முடிந்ததும் பொன்னுதுரை ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

“பாருங்கள் அன்பர்களே! நம் சமயத்துக்கு வந்த அன்றே எவ்வளவு அழகாகக் கற்றுக்கொண்டு பாடிவிட்டார்!”

ஜனங்கள் கைதட்டினார்கள். ஒன்பது வருஷமாக அவள் பாட்டைக் கேட்டு, அவள் பின்னாலேயே பாடினவர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

மறுநாளே பொன்னுதுரை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“இன்னும் எத்தன பேர நீங்க குடுத்திருக்கீங்க? பேரு மட்டும் சொல்லுங்க. மெர்டேக்கா வாரத்துல எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சா பெரிய செய்தி ஆயிடும்.”

“புக்கிட் ரம்பாய்ல ஒருத்தி இருக்கா” என்றேன். “அதே புலி வருஷம், நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். ரெண்டு புள்ள இருக்கு. இன்னிக்குப் போய்க் கேட்டாலும் அவ மாமியாரு இவ எங்க வீட்டுப் பொண்ணும்பா. முந்தின பேரு என்னன்னு அங்க ஒருத்தரும் கேக்கல தலைவரே. நீங்க போயிட்டு வாங்க.”

அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமைப் பத்திரிகையில் படம் வந்தது. நடுவில் பொன்னுதுரை, ஓரத்தில் காமாட்சி. மேலே கொட்டை எழுத்தில்: சீன நங்கை ஆ மோய் இந்து சமயம் தழுவினார். கீழே, சபையின் அரும்பணியால் இந்த வெற்றி கிட்டியது என்று நாலு வரி. பூங்காவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவள் அந்தப் படத்தைக் கத்தரித்துச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தாள். இனிமேல் ஒரு தடங்கலும் இல்லை என்று நம்பினாள்.

மெர்டேக்காவுக்கு முதல் நாள், தெருவெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது மல்லிகா வந்தாள். கூடவே தியாகு. அவன் உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அப்போது பூங்காவனத்தின் வீட்டில் இருந்தேன்.

“தப்பா நெனைக்காதீங்க பூங்காவனம். சொந்தக்காரங்க எல்லாம் பேப்பரப் பாத்துட்டாங்க. எங்கண்ணன் சிரம்பான்ல இருந்து ஆள் அனுப்பி, ஒரு ஆ மோயயா கட்டப்போறீங்கன்னு கேக்குறாரு. நாங்க என்னன்னு பதில் சொல்ல?”

“இவ சீனப் புள்ளன்னு ஒனக்குத் தெரியாதா?” என்றேன் நான்.

“தெரியும். ஆனா அப்ப பேப்பர்ல வரலையேக்கா! போன வாரம் வரைக்கும் வேற மதம்னு அவங்களே எழுதிட்டாங்க. நாளைக்கு எம்மவன் புள்ளைங்களுக்கும் அதத்தானே சொல்லுவாங்க?”

வெளுத்த பேரப்பிள்ளை வேண்டும் என்று வாய்கூசாமல் கேட்டவள் அவள்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மிக் குழவியைத் தூக்கிவிடுவேனோ என்று நானே கையைக் கட்டிக்கொண்டேன். காமாட்சி தையலை வைத்துவிட்டு வெளியே போய்த் தியாகுவின் எதிரே நின்றாள்.

“நீங்க ஒண்ணும் சொல்லலியே?”

அவன் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தான். “அம்மா சொல்றதுதான்” என்றான்.

காமாட்சி உள்ளே வந்து மறுபடி ஊசியை எடுத்தாள். அவர்கள் போனபின் பூங்காவனம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மகள் அவளைத் தடவிக்கொடுத்தபடி, “சும்மா இரும்மா, காத்தாலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் ஊரே பாண்டார் ஹிலிர் திடலுக்குப் போனது. அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது.

அதன்பின் காமாட்சி கோயிலுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கிராமபோன் தட்டு வைத்தார்கள். பாடுகிறவள் எங்கே என்று விசாரிக்க ஒருவரும் வரவில்லை. மாசியில் செங்குக்குப் பால்குடம் எடுக்கவில்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. அவளிடம் கேட்டேன்.

“என்ன பேருல எடுக்கிறது பெரியம்மா?” என்றாள்.

தையல் கடைக்கு நூலும் பொத்தானும் கொண்டுவந்து போடுகிற ஒரு வேதக்காரத் தமிழ்ப் பையன் இருந்தான். சித்திரை முடிந்து மாதா கோயிலில் இருவருக்கும் கல்யாணம். நான் போயிருந்தேன். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் பெயர் கேட்டபோது காமாட்சி என்றாள். அவர் அதன் முன்னால் மரிய என்று சேர்த்துக்கொண்டார். அவரும் ஏதோ புத்தகத்தில் எழுதத்தான் எழுதினார். அவருக்கும் கணக்கு இருக்கும். ஆனால் இவள் சொன்னதை அடிக்காமல் எழுதினார். பூங்காவனம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று தெரியாமல் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பொன்னுதுரை பூங்காவனத்தின் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருப்பேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். கையில் தட்டச்சு செய்த ஒரு மனு. முகத்தில் உண்மையான துக்கம்; அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

“நம்ம பொண்ணு ஒண்ணு போச்சும்மா. இப்படியே ஒண்ணொண்ணா போனா இன்னும் இருபது வருஷத்துல நம்மள எண்ண ஒரு கை விரல் போதும். விடக்கூடாது. மேலிடத்துக்கு எழுதியிருக்கேன், கேளுங்க.”

நின்றபடியே படித்தார். “பிறந்த பதினோராம் நாள் முதல் இந்துத் தாயின் முலைப்பால் அருந்தி, இந்து ஆலயத்திலே முடி இறக்கி, காது குத்தி, பத்து வயது முதல் தேவாரம் ஓதி, கருவிலே திருவுடையவள்போல் நம் சமயத்திலேயே வளர்ந்த செல்வி காமாட்சியை மாற்றாரின் சூழ்ச்சி…” கைக்குட்டையை எடுத்து வாயை ஒற்றிக்கொண்டார்.

“சாட்சிக்கு நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா…” என்று பேனாவை நீட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் அம்மியை விட்டு எழுந்தாள். கையைத் துடைக்காமலே மனுவை வாங்கினாள். எழுத்து தெரியாதவள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“எம்பால குடிச்சான்னு எங்கய்யா எழுதியிருக்கு?”

அவர் குனிந்து, விரலால் மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டினார். அவள் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இத அன்னிக்கே எழுதியிருக்கலாமேய்யா?”

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பொன்னுதுரைக்கும் அது புரிந்திருக்க வேண்டும். பொறுமையாகப் பதில் சொன்னார்.

“அன்னிக்குப் பாரத்துல அதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

பூங்காவனம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஓரத்தில் மிளகாய் விழுது அப்பியிருந்தது. மனு கெட்டுவிடுமே என்று அவர் கைக்குட்டையால் அதை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.